ஏரி நடுவில் ஷிப்ட் மீட்டிங்

தங்கமாரிக்கு வாய் அதிகம் என்று மண்ணூரில் அவள் குடியிருந்த லைன் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கை அதைவிட அதிகம் என்பது இருங்காட்டுக்கோட்டையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அங்கே கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் பயிற்சித் தொழிலாளி. மற்றவர்கள் ஒரு உறை முடிப்பதற்குள் இவள் ஒன்றரை முடித்துவிட்டு, பக்கத்து மெஷின்காரியிடம் ஊர்க்கதை முழுவதும் அளந்திருப்பாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. பயிற்சிக்கு வந்தவர்கள் ஓராண்டு ஒரு நாள்கூட விடாமல் வந்தால் வேலை நிரந்தரம். ஒரு நாள் தவறினாலும் ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். காலை எட்டரைக்கு லைன் லீடர் ஷிப்ட் மீட்டிங் போட்டு, உறுதிமொழி சொல்லவைத்து, நோட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். அப்போது குரல் கொடுத்தால்தான் வந்ததாகக் கணக்கு. தங்கமாரி காய்ச்சலோடு வந்து குரல் கொடுத்தாள். சித்தப்பா மகள் கல்யாணத்தை விட்டுவிட்டு வந்து குரல் கொடுத்தாள். 2005 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு ஓராண்டு முடிகிறது. முந்தின நாள் சாயங்காலம் மண்ணூருக்கும் கம்பெனிக்கும் நடுவிலிருந்த ஏரி நிரம்பி, ரோட்டுப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. பாழாய்ப்போன மழைக்கு ஒரே ஒரு நாள் பொறுக்கத் தெரியவில்லை.

கம்பெனி பஸ் வராது. தண்டலம் வழியாகச் சுற்றலாமென்றால் அங்கேயும் இடுப்பளவு தண்ணீர்.

"விடுடி, நம்ம விதி" என்றாள் சுகப்பிரியா. தேனிப் பக்கத்துப் பெண், அதே அறை, அதே லைன்.

"விதியாவது வெளக்குமாறாவது" என்று சொல்லிவிட்டு, தங்கமாரி நேரே நாகப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஏரியில் மீன் பிடிக்கும் அவரிடம் ஒரு தட்டைப் படகு இருந்தது.

"படகு கீதும்மா. ஆனா கழி போட்டுத் தள்ளிக்கினு போறது அது. இப்ப கீற ஆழத்துக்குக் கழி அடியத் தொடாது" என்றார் அவர்.

"கழிய நட்டமா நிறுத்துங்க அண்ணாச்சி. பாய் கட்டிருவோம்."

அவள் வேம்பாற்றுப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பாவின் வள்ளத்துக்குப் பாய் தைத்த கை அது. வீட்டுக்கார அம்மா எழிலரசி கூரைக்கென்று வாங்கி வைத்திருந்த நீலத் தார்ப்பாயைக் கெஞ்சி வாங்கினாள். அந்த அம்மாவின் மெஷினிலேயே அதன் குறுக்கே இரண்டு வரிசையாக நாடா தைத்தாள்.

"இது எதுக்குடி, அழகுக்கா?" என்று கேட்டாள் சுகப்பிரியா.

"காத்து லேசா அடிச்சா பாய முழுசா விடணும். கூடுச்சுன்னா அடியில சுருட்டி மொத வரிசையில கட்டணும். இன்னும் கூடுச்சுன்னா ரெண்டாவது வரிசை. பேய்க்காத்துன்னா பாயவே எறக்கிட்டு சாமியக் கும்பிட வேண்டியதுதான்."

சுகப்பிரியாவுக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் மனதில் நின்றது.

காலையில் ஏரிக்கரைக்குப் போனால், அவர்களுடைய லைன் லீடர் பகலவன் பையோடு நிற்கிறான். உள்ளூர்க்காரன். நல்லவன்தான்; ஆனால் ஏழு வருடமாக லைன் ஓட்டி ஓட்டி, "இன்னும் கொஞ்சம் வேகமா முடியுமா?" என்ற ஒரே கேள்விதான் அவன் வாயில் மிச்சமிருந்தது. அவனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

வாடைக்காற்று வடக்கிலிருந்து இதமாக வந்தது. தங்கமாரி பாயை முழுதாக விரித்தாள். நாகப்பன் பின்னால் உட்கார்ந்து துடுப்பால் திசை பிடித்தார். படகு நன்றாகவே போயிற்று. ஏரியின் பாதியில் கிழக்கே மேகம் கறுத்தது, தண்ணீரில் சிலிர்ப்பு ஓடிவந்தது. அதைப் பார்த்ததுமே தங்கமாரி முதல் வரிசையைச் சுருட்டிக் கட்டினாள். வேகம் குறைந்தது. பகலவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு பத்து.

"இன்னாம்மா, காத்து வரச்சொல்லோ பாயச் சுருட்டுற? காற்றுள்ள போதே தூற்றிக்கொள்ளுன்னு படிச்சதில்ல?"

"தூத்துறது களத்துலண்ணே. இது தண்ணி."

அவள் திரும்பிப் படகுக்குள் சேர்ந்த நீரை இறைத்தாள். இவன் சும்மா இருந்தானா? மெல்ல எட்டி, நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டான். அடுத்த கணம் காற்று பாயில் மோதியது. படகு ஒருக்களித்தது, தண்ணீர் உள்ளே பாய்ந்தது, சுகப்பிரியாவின் சாப்பாட்டுக் கேரியர் தன் வழியில் மிதந்து போனது. தங்கமாரி பாயின் கயிற்றைச் சட்டென்று நழுவவிட்டாள். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நிமிர்ந்தது.

"லைன்ல நீங்க சொல்றத நான் கேப்பேன். இங்க நான் சொல்றத நீங்க கேக்கணும். கைய மடியில வச்சிக்கிட்டு உக்காருங்க" என்றாள். பகலவன் வைத்துக்கொண்டான்.

அவள் பாயை இரண்டாவது வரிசைவரை சுருட்டினாள். அந்தக் கைக்குட்டை அளவுப் பாயில் கரைசேர இன்னும் அரைமணி நேரமாவது ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு உயிரைக் காக்க, ஒரு வருடத்தைத் தன் கையாலேயே சுருட்டிக் கட்டினாள். கடைசி முடிச்சுப் போடும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தில் மழைத்தண்ணீர் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சுகப்பிரியா கண்ணை இறுக மூடியிருந்தாள். பயத்தில் எந்தச் சாமியின் பாட்டும் அவளுக்கு நினைவு வரவில்லை. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வந்தது. "என் பாதுகாப்பையும் என் சக தொழிலாளியின் பாதுகாப்பையும் பேணுவேன் என்று உறுதி கூறுகிறேன்..."

பழக்க தோஷம், பகலவனின் வலக்கை தானாக முன்னே நீண்டது. அவளோடு சேர்ந்து நாலு வார்த்தை சொன்னான். அப்புறம் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தான்.

"தங்கமாரி."

"என்னண்ணே இப்ப?"

"பேர் கூப்ட்டா இன்னா சொல்லணும்?"

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிரசன்ட்" என்றாள்.

கரையேறிக் கம்பெனிக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மனிதவளப் பிரிவின் காந்திமதி மேடம் நோட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"நேரம், எட்டு இருபத்தெட்டு. இடம், ஏரி நடுவில், நாகப்பன் படகு. வந்தவர்கள், இருவர். இன்றைய பாதுகாப்புச் செய்தி, காற்று ஏறினால் பாயைக் குறை." மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "விளையாடுறீங்களா பகலவன்? மீட்டிங்க கம்பெனிக்கு வெளியில போடலாமா?"

"கீழயும் படிங்க மேடம்."

நடக்க இருந்து தவறிய விபத்துக்கென்று நோட்டில் ஒரு கட்டம் உண்டு. ஏழு வருடமாக அதில் பகலவன் 'இல்லை' என்று மட்டுமே எழுதி வந்திருந்தான். இன்று, நனைந்த எழுத்தில், "உத்தரவின்றி லைன் லீடர் பாயின் முடிச்சை அவிழ்த்தார். படகு கவிழ இருந்தது. தங்கமாரி காப்பாற்றினார்" என்று இருந்தது.

"இத எழுதினா உங்களுக்கு மெமோ வரும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

காந்திமதி மேடம் பேனாவை எடுத்தார். "அப்ப இது நிஜமாவே நடந்த மீட்டிங்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை தங்கமாரிக்கு நிரந்தர உத்தரவும் பகலவனுக்கு மெமோவும் வந்தன. அவள் லைன் முழுவதற்கும் அல்வா கொடுத்தாள், அவனுக்கு மட்டும் இரண்டு துண்டு. பொங்கல் நேரத்தில் உறைக் கணக்கை ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தபோது, பகலவன் வழக்கம்போல, "இன்னும் கொஞ்சம் வேகமா..." என்று ஆரம்பித்தான். தங்கமாரி மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

பகலவன் படகு ஞாபகத்தில் இரண்டு கையையும் மடக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த லைனுக்கு நடந்தான்.