ரியர் லெஃப்ட் ஸ்பீக்கர்

புது தெர்மோகோலை அட்டைப்பெட்டியிலிருந்து உருவும்போது பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே... அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்தில்தான் ஆரம்பித்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஏதோ ஒரு வருடம். திண்டுக்கல்லில் வாடகை வீடு. நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் கேம் விளையாட 5.1 ஸ்பீக்கர் செட் வாங்கியாயிற்று. எதிரி பின்னால் நடந்து வந்தால், காலடிச் சத்தம் நமக்குப் பின்னால் கேட்குமாம்! அதைக் கேட்காமல் செத்துப்போகக் கூடாது என்று இருந்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் எரிச்சல் ஆரம்பம்.

அஞ்சு ஸ்பீக்கர், ஒரு வூஃபர், நூடுல்ஸ் மாதிரி ஒயர். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின். எது எந்த ஓட்டைக்கு என்று மேஜைக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கிடந்தேன். சென்டர் ஸ்பீக்கரை மானிட்டர் மேல் வைத்தால் திரையின் ஒரு மூலை ஊதாவாகிவிட்டது. ஸ்பீக்கருக்குள் காந்தம்! அதை நகர்த்தினால் ஒயர் எட்டவில்லை. ஒயரை இழுத்தால் வூஃபர் கவிழ்ந்தது. அம்மா கறிக்குழம்புக் கரண்டியோடு வந்து ஒயரில் கால் தடுக்கி, "வீடாலே இது? வலை விரிச்சு வச்சுருக்கான்" என்று திட்டிவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் மேலே ஹவுஸ் ஓனர். பின்சுவரில் இரண்டே இரண்டு ஆணிக்குத்தான் அனுமதி. தப்பாக அடித்தால் மறு ஆணி கிடையாது.

அதனால் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஓடுகிற மெஷின் பக்கத்தில் செத்த நேரம் நின்றால் போதும், எந்த பேரிங் போகப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மில்லில் அவருக்கு அதில்தான் பெயர். சவுண்டு செக் பண்ண அவரை விட்டால் யார்?

அவரைத் திரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பின்னால் ஸ்டூலில் ஏறி, இடது மூலையில் ஒரு ஸ்பீக்கரைச் சுவரோடு பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஸ்பீக்கராக "ஸ்ஸ்ஸ்" என்று ஊதிக் காட்டும். என் கையிலிருப்பது ஊதுவது எனக்குக் கேட்கும்; நாற்காலியில் இருப்பவருக்கு எந்தப் பக்கம் கேட்கிறது என்பதுதான் கணக்கு.

"எந்தப் பக்கம் கேக்குதுப்பா?"

"வலப்பக்கம்."

ஒயர் மாறி, வலப்பக்க ஸ்பீக்கரும் சேர்ந்து ஊதுகிறது போல. இறங்கி, மேஜைக்கு அடியில் போய், மாற்றிச் சொருகி, திரும்ப ஏறினேன்.

"இப்ப?"

"வலப்பக்கந்தான்."

திரும்ப இறங்கினேன். ஏறினேன். வலப்பக்கம். நாலு தடவை, அஞ்சு தடவை... வலப்பக்கம்! முதுகில் வேர்வை வழிய அம்புட்டையும் கழற்றி, பெட்டியில் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். "தம்பி, செட்ல ஒரு கோளாறும் இல்ல. ஒங்க வீட்லதான் ஏதோ இருக்கு" என்றார்.

சாயங்காலம் திரும்ப அதே நாற்காலி, அதே ஸ்டூல்.

"இப்ப சொல்லுங்க."

அப்பா கொஞ்சம் தயங்கினார். "வலப்பக்கம்... மாதிரிதான் இருக்கு."

"இடது எது வலது எதுன்னுகூடவாப்பா தெரியாது? ஒரு நாளே வீணாப்போச்சு!"

கத்திவிட்டேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். கையை முந்தானையில் துடைத்தபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "போடு, நான் கேக்குறேன்."

ஸ்ஸ்ஸ்.

"ஏலே, இந்தா இடப்பக்கம், பின்னாடி. நல்லாத்தானே கேக்குது?"

நான் ஸ்டூலிலேயே நின்றேன். அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். மெல்ல வாசலுக்குப் போய் அப்பாவின் இடது தோளுக்குப் பின்னால் நின்று, சன்னமாக, "ஏங்க..." என்றார்.

அவர் திரும்பவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். திரும்பவில்லை.

தோளைத் தொட்டதும் திரும்பினார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டு மூணு வருசமாச்சு" என்றார். "மில்லுல தெரிஞ்சா என்னைய எதுக்கு வச்சுருப்பாக? சத்தம் கேக்காத ஃபிட்டர..."

கூப்பிட்டால் திரும்பாதபோதெல்லாம் அவர் யோசனையில் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு! எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. ஸ்பீக்கரைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "மதுரைக்குப் போயி டாக்டர்ட்ட காட்டுவோம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

போனோம். இடது காது நரம்பு போய்விட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை, வலது காதையாவது காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். அப்பா பத்து நாள் மருகினார். பிறகு தானே மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். வேலை போகவில்லை, சத்தமில்லாத ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். ஆனால் மெஷின் பக்கத்தில் நிற்காத வேலையை அவர் கடைசிவரை வேலையாகவே மதிக்கவில்லை.

அந்த ஸ்பீக்கர்களைப் பிறகு மாட்டினேன். ஒரு வாரத்தில் எலி பின்பக்க ஒயரைக் கடித்தது. ஒட்டினேன். திரும்பக் கடித்தது. விட்டுவிட்டேன். கேமில் பின்னால் வந்த எதிரியிடம் கடைசிவரை செத்துக்கொண்டேதான் இருந்தேன்.

போன மாதம் என் மகளுக்கு கேமிங் ஹெட்செட் வந்தது. ஆணி இல்லை, ஸ்டூல் இல்லை, திட்டு இல்லை. பிரித்த இரண்டாவது நிமிடம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திடீரென்று பின்னால் திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், பயப்படுகிறாள்.

பக்கத்து நாற்காலியில் நான் இருக்கிறேன். எல்லாச் சத்தமும் அவள் காதுக்குள்ளேயே; எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.