பரஸ்தானம் வைத்த வண்டி

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேறு ஊர் பார்த்துப் போக பழவங்காடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் காசிக்குப் போகும் எங்கள் திட்டம் அன்று காலை முடிந்துபோயிருந்தது. வலியசாலை நண்பன் மகாதேவனுக்கு ஆபீசில் லீவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அம்மாவின் அஸ்தியை வருஷத் திதிக்குள் அவன் கங்கையில் கரைக்க வேண்டும்.

முன்பு குறித்த நல்ல நாளில் கிளம்ப முடியாததால், மகாதேவன் வீட்டு வழக்கப்படி அவன் வண்டியை மட்டும் அந்த நாளிலேயே ஒரு தேங்காய் மண்டியில் பரஸ்தானமாக, பயணம் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாக, வைத்திருந்தோம். அப்படி வைத்தது பயணம் போகாமல் வீடு திரும்பக் கூடாதாம்.

மகாதேவன் ஓடிவந்து வழிமறித்தான்.

"வண்டியை எடுத்துண்டு நீ போடா. அஸ்தியையும் நீயே கரைச்சுடு."

வண்டிச் சாவிக்காக என் கை தானாக நீண்டது. வடக்கே போகும் சாலையைத் தவிர நான் எதையும் பெரிதாக விரும்பியதில்லை.

"கரைக்கும்போது பேரு சொல்லணுமே. அம்மா பேரு என்ன?"

அவன் என்னையே பார்த்தான். "எத்தனை நாள் அவ கையால சாப்பிட்டிருக்கே." பிறகு மெதுவாக, "விசாலம்" என்றான்.

கையை இழுத்துக்கொண்டேன். "ரயில்ல போனா உன் லீவு போதும். அம்மா பேர நீயே போய்ச் சொல்லு. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா? ஓரிடத்துல இருப்பியோ?"

அன்றே அவன் ரயிலேறினான். எத்தனையோ ஊர்களில் சாப்பிட்டிருக்கிறேன். சோறு போட்டவர்கள் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை, வண்டி நின்ற தேங்காய் மண்டியிலேயே மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.