உள்ளங்காலில் தொடங்குவது

சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் முதலில் கவனித்தது அவருடைய கால் பெருவிரலைத்தான். முன்னறைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் ஒழுங்காகக் கோத்திருந்தன. முகத்தில் சம்பந்தி வீட்டுக்கு வந்தவருக்குரிய அடக்கம் இருந்தது. வலது காலின் பெருவிரல் மட்டும் தன்பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. குசினியில் ஏதாவது பாத்திரச் சத்தம் கேட்டால் வேகம் கூடும். தெருவில் யாராவது பேசிக்கொண்டு போனால் சற்று நின்று, பேச்சு தேய்ந்ததும் மறுபடி தொடங்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்தபோது கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். தூக்கத்திலும் அந்த விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் என் மருமகனின் தாய். மகளும் மருமகனும் கட்டாரில் இருக்கிறார்கள். கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் எப்போதோ பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் வெண்படலம் விழுந்து, எதிரே நிற்பவரைக் குரலால்தான் அடையாளம் காணும் நிலை. சத்திரசிகிச்சைக்கு ஒருமுறை போய், மேசையில் படுத்து, கண்ணை மரக்கச் செய்யும் விறைப்பு மருந்தும் போட்டாயிற்று. கத்தி வைக்கும் முன்பு எங்கோ ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டிருக்கிறது. இவர் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். டொக்டர் அத்தோடு நிறுத்திவிட்டார். இருதய வருத்தம் இருப்பதால் முழு மயக்கம் கொடுக்க அவர்களுக்குத் தயக்கம். "இருக்கிறது ஒரே கண் அம்மா. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்கப் பழகிக்கொண்டு வாங்க" என்று சொல்லி, சில வாரம் தள்ளி இன்னொரு நாள் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தச் சில வாரத்துக்குத்தான் கண்டிக்கு அருகே குண்டசாலையில் எங்கள் வீட்டில் தங்க வந்தார். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து போவதென்றால் அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும். என்றாலும் மகன் பெண்ணெடுத்த வீட்டில் போய்த் தங்குவதில் அவருக்கு மிகுந்த கூச்சம். சாப்பிட்ட கோப்பையைக் கழுவ விடமாட்டேன் என்று நானும், கழுவாமல் விடமாட்டேன் என்று அவரும் முதல் இரண்டு மூன்று நாட்கள் மரியாதையாகச் சண்டை போட்டோம். என் கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் நான் தனியாள். பேராதனைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவளாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஆள் வந்தது எனக்கு ஆறுதல்தான். அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கிளினிக்கில் இருந்த நர்ஸ்தான் தியானம் பற்றிச் சொன்னார். எங்கள் தெரு முடிவில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடி உட்காருகிறார்களாம், போய்ப் பாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சம்பந்தியம்மா கேட்டார்.

"சாமிய மாத்தச் சொல்லுவாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா உக்காரத்தான்."

"சும்மா உக்காரவா ஒரு வகுப்பு?" என்றார். முகத்தில் சந்தேகத்தைவிட, அது எப்படியிருக்கும் என்று பார்க்கிற ஆவல்தான் அதிகம்.

பயிற்சி நடத்தியவள் எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரி. வாரநாட்களில் கண்டியில் ஒரு வங்கியில் வேலை. சம்பந்தியம்மா அவளைச் சின்ன மிஸ் என்றுதான் சொல்வார். சிங்களத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். அதை நான் சம்பந்தியம்மாவின் காதருகில் தமிழில் சொல்வேன். முதல் நாள் அவள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "ஹுஸ்ம பலன்ன" என்றாள். மூச்சைப் பாருங்கள் என்று பொருள். சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"என்னா பலனாம்?"

"பலன் இல்லீங்க. மூச்சப் பாக்கச் சொல்றாங்க."

"அதுல பாக்க என்னா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, உடனே கண்ணை மூடிக்கொண்டார். அது நீடிக்கவில்லை. பக்கத்து வீட்டு வளவில் நாய் குரைத்தது, கண் திறந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள், தலை திரும்பியது. பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ தன் மணிப்பாட்டோடு தெருவில் ஊர்ந்து போனது. "பாண்காரரு போறாரு, வீட்ல பாண் இருக்குங்களா?" என்று எனக்குத் தெரியப்படுத்தினார். கடைசியில் எங்கோ ஒரு குழந்தை அழ, எழுந்து ஜன்னலடிக்கே போய்விட்டார். கண் தெரியாதவர் ஜன்னலில் நின்று என்ன பார்க்க முடியும்? காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் வெட்கப்பட்டுக் குனிந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள். அறிவுரை சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கேள்விதான் கேட்டாள். "அம்மா, நீங்கள் எழும்புகிறதுக்கு முன்னால், அந்த எழும்புகிற எண்ணம் உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது?" நான் தமிழில் சொன்னேன். சம்பந்தியம்மா உதட்டைப் பிதுக்கினார். தெரியவில்லை என்றார். "சரி, அடுத்த முறை எழும்புங்கள். தடுக்க வேண்டாம். எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்றாள்.

அடுத்தவர் கதையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் சம்பந்தியம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இப்போது எங்கே போகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படிப்பட்டவரிடம் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே சரியான கேள்வியை அந்தப் பெண் கேட்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. குசினியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். முன்னறையில் கதிரை கிரீச்சிடும், அவர் எழுந்து வருவார், பாதியில் நின்றுவிடுவார், திரும்பிப் போய் உட்காருவார். என்னங்க என்றால், "எந்திரிச்ச பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. தப்பிப் போயிருச்சு" என்பார், கைக்கு வந்த மீனை நழுவ விட்டவர் போல.

ஒரு மாலை மழை பெய்துகொண்டிருந்தது. குசினி வாசலில் வந்து நின்று, புதுச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார். "சம்பந்தியம்மா, புடிச்சுட்டேங்க. உள்ளங்காலு. மொதல்ல உள்ளங்காலு சுடுது. அப்புறம் முழங்காலுக்கு வருது. அதுக்கும் பின்னாலதான் யாரு அழுவுறா, என்னா விழுந்துச்சுங்கற நெனப்பே வருது. நான் இவ்வளவு நாளா நெனப்பு வந்துதான் எந்திரிக்கிறேன்னு இருந்தேன். காலு எந்திரிச்ச பொறவுல்ல நெனப்பு வருது!" அடுப்பைக் குறைத்துவிட்டு நானும் என் காலைக் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் சுடவில்லை.

கண்டுபிடித்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் முன்னைவிட அதிகமாகத் தவித்தார். தொடங்கும் இடம் தெரிந்துவிட்டதால் அதை அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க உடம்பே நடுங்கியது. வகுப்பின் பாதியில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னால் போனேன். "எனக்கு இது சரிவராதுங்க. கண்ணு போனாப் போவட்டும்" என்றார். பிறகுதான் பிள்ளைக் காம்பராவைப் பற்றிச் சொன்னார்.

"நான் அங்க பகல்ல கண்ண மூடி உக்காந்ததே இல்லீங்க. ஒன்னு அடுப்புப் பக்கம் தவழும். ஒன்னு மண்ண அள்ளி வாயில போடும். அழுவுற புள்ளைக்குப் பயமில்ல, அது எங்க இருக்குன்னு தெரியும். சத்தமில்லாம இருக்கற புள்ளயத்தான் பாக்கணும். அந்த மாதிரியே இருந்து இருந்து, இப்ப சத்தம் கேட்டாலும் எந்திரிக்கிறேன், கேக்காட்டியும் எந்திரிக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனை தாய்மாருடைய பிள்ளைகள் அவருடைய அந்தக் காலின் காவலில் வளர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை ஒரு வியாதியைப் போல நாங்கள் விரட்டப் பார்க்கிறோமோ என்று இருந்தது. உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அடக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையே. அது வரும்போது, வந்துவிட்டாயா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். போகும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். வருவதைப் பார்த்தவர், போவதை இன்னும் பார்க்கவில்லை" என்றாள். படிக்கட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "போவுமா அது?" என்றார். அந்தக் கேள்வி அவரை மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போனது.

இங்கே என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அமைதியான பெண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். மொழிபெயர்ப்பதற்கு ஆள் இருந்தவரை அந்த மாடியில் எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பந்தியம்மாவுக்கு அந்தச் சொற்கள் பழகிவிட்டன, என் குரல் தேவைப்படவில்லை. அதன் பிறகுதான் நான் உண்மையில் கண்ணை மூடினேன். மூடியதும் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். என் கணவர் வேலை விட்டு வரும்போது எங்கள் மேட்டில் கியர் மாற்றுகிற சத்தம். தெருவில் எந்த வண்டியும் இல்லை. உடனே கண்ணைத் திறந்து, சம்பந்தியம்மா ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினேன். அவர் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "உங்களுக்குக் கண்ண மூடுனா என்னா வருதுங்க?" என்று கேட்டார். "ஒன்னுமில்லீங்க" என்றேன்.

சத்திரசிகிச்சையன்று அவரை உள்ளே கொண்டுபோனதும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தாய் மடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. எந்த நேரமும் கதவைத் திறந்துகொண்டு யாராவது வந்து, இன்றைக்கும் முடியவில்லை என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். கதவு திறந்தது. ஒரு நர்ஸ்தான் வெளியே வந்தாள். அழும் குழந்தையைக் குனிந்து பார்த்தாள், தாயிடம் ஒரு வார்த்தை பேசினாள், என்னைக் கவனிக்காமல் திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு அவளே சிரித்துக்கொண்டு விளக்கினாள். ஏதாவது தேவையென்றால் பேசாமல், தலையை அசைக்காமல், ஒரு விரலை மட்டும் உயர்த்தச் சொல்லியிருந்தார்களாம். நடுவில் விரல் உயர்ந்தது. டொக்டர் கையை எடுத்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். "இல்லீங்க. வெளிய ஒரு புள்ள அழுவுது, அதுகூட ஆளு இருக்கான்னு யாராவது பாத்துச் சொன்னாப் போதும்" என்றாராம். டொக்டர் நர்ஸை அனுப்பினார். தாய் இருக்கிறாள் என்ற சேதி வந்ததும், கடைசிவரை கல்லுப் போலக் கிடந்தாராம்.

ஓட்டோவில் வரும்போது, கண்ணில் கட்டோடு, தானாகவே சொன்னார். "உள்ளங்காலு சுட்டுச்சுங்க. வந்துட்டியான்னேன். வந்து முழங்கால் மட்டும் ஏறுச்சு, அங்கேயே நின்னு நின்னு பாத்துட்டு எறங்கிருச்சு. நெசமாவே போவுதுங்க. திரும்பவும் வந்துச்சு. திரும்பவும் போச்சு. வெரல மட்டும் நான்தான் தூக்குனேன், அது தூக்கல." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு இருந்த பெருமை எனக்கு மறக்காது.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தில் வந்து நிறுத்தினார். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தெளிவாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "மதினி, இவ்வளவு எளைச்சுப் போயிருக்கீங்களே" என்றார். அதுவரை சம்பந்தியம்மா என்று கூப்பிட்டவர். எனக்கு ஆஸ்பத்திரியிலேயே அழுகை வந்துவிட்டது. அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, மோட்டார் சைக்கிளைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"சத்தம் கேக்குதில்ல, அதுக்கு முன்னால ஒடம்புல எங்க தொடங்குது?"

தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டினார்.

இப்போது அவர் தோட்டத்தில் இருக்கிறார். ஊசியில் நூல் கோப்பதை மருமகனுக்கு வீடியோவில் காட்டினாராம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக அந்த மாடிக்குப் போகிறேன். பல நாள் மோட்டார் சைக்கிள் சத்தம் என்னை முந்திக்கொள்ளும், கண்ணைத் திறந்துவிடுவேன். போன ஞாயிறுதான் கொஞ்சம் முந்தினேன். சத்தத்துக்கு முன்னால் என் கழுத்து, யாரும் சொல்லாமலே, மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. நான் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு சத்தம் வந்தது, மேட்டில் கியர் மாறியது. அது முழுவதும் கேட்கும்வரை இருந்தேன். கன்னம் நனைந்திருந்தது, ஆனால் பயமாக இல்லை. இவ்வளவு நாளும் ஒரு மனுஷனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேனோ என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்தேன். கழுத்தில் தொடங்குகிறது என்று சொன்னேன்.

"கழுத்துலயா? எந்தப் பக்கங்க?"

"இடது பக்கம்."

"வந்தது சரி மதினி. போச்சா?"

அதைக் கவனிக்கவில்லை என்றேன்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துச் சொல்லுங்க" என்றார். "எனக்கும் தெரியணுமில்ல."