திறக்கப்படாத பிளக்

ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் கோயில் கோயிலாகப் போகிறார்கள். நான் தஞ்சாவூர் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து பொம்மை அளவில் ஒரு நீராவி எஞ்சினைச் செய்துகொண்டிருந்தேன். அதன் பாய்லர், காபி ஃபில்டரைவிடக் கொஞ்சம் பெரியது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த டெல்டாவின் அரிசி ஆலைகளில் பாய்லர்களை ஆய்வு செய்து சான்றிதழ் கொடுத்தவன் நான். விதிகள் எண்ணோடு மனப்பாடம். என் பாய்லரை நானே ஆய்வு செய்து, எனக்கே சான்றளிக்கப் போகிறேன் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

எஞ்சின் எளிது, குழாய்ச் சாமான்கள்தான் படுத்துகின்றன. ஹார்டுவேர் கடையில் கிடைப்பதை மாட்டினால், குழந்தைக்கு அப்பா செருப்பைப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். சின்னதாகக் கிடைப்பவை பித்தளை நிறம் பூசிய ஏதோ ஒன்று. உள்ளே உருண்டை வைத்த, சட்டென்று திறந்துவிடும் பால் வால்வு நீராவிக்கு ஆகாது. திருகித் திருகித் திறக்கும் வால்வு வேண்டும். பாதுகாப்பு வால்வை மட்டும் வெளியூரிலிருந்து புதிதாக வரவழைத்தேன். அழுத்தம் மீறினால் தானாகத் திறந்துகொள்வது அதுதான். அதில் பழைய சாமானுக்கு இடமில்லை.

மிச்சம் இருந்தது ஒரு காக், பித்தளையில் சின்னத் திருகுகுழாய். பாய்லரிலிருந்து அழுத்தம் காட்டும் கேஜுக்குப் போகும் வழியில் அது இருக்கும். அதன் பக்கவாட்டில் பிளக் போட்டு மூடிய ஒரு வாய். ஆய்வாளர் வந்ததும் பிளக்கைக் கழற்றி, தன் சொந்தக் கேஜை அங்கே மாட்டி, ஆலையின் கேஜ் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத பாய்லருக்கு நான் சான்று தருவதில்லை. என்னுடையதாக இருந்தாலும்.

கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையைச் சொன்னார்கள். நீளமான, ஜன்னல் இல்லாத கடை. உள்சுவர் முழுக்க ஆலைகளிலிருந்து கழற்றிய கேஜ்கள் தொங்கின. எதனோடும் இணைக்கப்படாதவை. இருந்தும் ஒன்றுகூடப் பூஜ்யத்தில் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்காரருக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கலாம். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். எஞ்சினைப் பற்றிச் சொன்னேன்.

"சேஃப்டி வால்வு?"

"புதுசா வாங்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றவர், தேடாமலேயே மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காக்கை எடுத்துவைத்தார். "இது உங்களுக்குத்தான், இன்ஸ்பெக்டர் சார்."

நான் யார் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"எங்கேருந்து வந்தது?"

"பாபநாசம் பக்கத்து ரைஸ் மில்லு. இப்ப மில்லு இல்ல."

அந்த ஆலையை எனக்குத் தெரியும். நான் சான்று கொடுத்த சில மாதங்களில் பாய்லர் வெடித்த ஆலை அது. யாரும் சாகவில்லை, அதனால் விசாரணை சீக்கிரம் முடிந்தது. பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், "முள்ளு அசையவே இல்லைங்க, பூஜ்யத்துலயே நின்னுச்சு" என்றார். கேஜை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது என்று நான் சாட்சி சொன்னேன். ஆள் தூங்கிவிட்டார் என்று முடிவானது. அவருடைய லைசென்ஸ் போயிற்று.

காக்கைத் திருப்பிப் பார்த்தேன். பிளக்கின் மேல் அலுமினியப் பெயின்ட் தடிப்பாகப் படிந்திருந்தது. ஆய்வாளர் வருகிறார் என்றால் ஆலைக்காரர்கள் பாய்லருக்கு ஒரு கோட் அடிப்பார்கள். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல. பிளக்கின் ஆறு முகங்களிலும் ஒரு ஸ்பேனர் தடம்கூட இல்லை.

"அதை யாரும் திறந்ததில்லை சார்" என்றார் கடைக்காரர். "ஐயாவே திறந்துக்குங்க."

காசைக் கொடுத்து, காக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து, அளவு குறைக்கும் ஓர் இணைப்பு செய்து, காக்கைப் பாய்லரில் மாட்டினேன். எஞ்சினுக்கு மூக்கு பெரிதாகிவிட்டது. மறுநாள் காலை, ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தேன். என் மனைவி காய் நறுக்கும் பலகையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாய்லர் முனக ஆரம்பித்தது. பிறகு முனகல் நின்றது. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. உள்ளே அழுத்தம் ஏறும்போது வருவது. கேஜைப் பார்த்தேன். பூஜ்யம்.

"ஏங்க, முள்ளு அசையவே இல்லையே" என்றாள் அவள். "ஆனா உள்ள என்னமோ மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."

"நீ எழுந்து உள்ளே போ."

அவள் எழுவதற்குள் பாதுகாப்பு வால்வு சீறியது. வெள்ளை ஆவி கூரை வரை எழும்பியது. முள் அப்போதும் பூஜ்யத்தில்தான் நின்றது.

அடுப்பை அணைத்தேன். ஆறியதும் காக்கைக் கழற்றிக் கம்பியை விட்டேன். போகவில்லை. உள்ளே உப்புப் படிவம் கல்லாக இறுகி, வழியை அடைத்திருந்தது. ஒரே ஒருமுறை என் கேஜை மாட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆலையில் குறுவை நெல் குவிந்துகிடந்த நேரம். என் கேஜ் ஜீப்பில், பெட்டிக்குள் இருந்தது. நான் முதலாளி அறையில் மின்விசிறிக்குக் கீழே சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். பாதுகாப்பு வால்வைத் தூக்கிப் பார்த்ததாகவும் அதில்தான் எழுதினேன், அந்த வால்வு இறுகிப்போயிருந்திருக்க வேண்டும். சான்றிதழில் எழுதுவது நாளடைவில் ஞாபகமாகிவிடுகிறது. விசாரணையில் நான் பொய் சொல்வதாக எனக்கே தோன்றவில்லை.

பிளக்கில் ஸ்பேனரை வைத்தேன். பெயின்ட் முட்டை ஓடுபோல உடைந்தது.

அடுத்த நாள் கும்பகோணம் போய், காக்கைக் கடைக்காரரின் மேஜையில் வைத்தபோதுதான் அந்த முகம் எனக்கு அடையாளம் தெரிந்தது. பாபநாசம் ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். இடது காதுக்குப் பின்னால் தோல் சுருங்கியிருந்தது.

"ஊதிப் பாக்காமத்தானே மாட்டினீங்க?" என்றார்.

"ஆமாம்."

"தெரியும். சேஃப்டி வால்வு புதுசுன்னீங்க, அதான் தைரியமாக் குடுத்தேன். இல்லாட்டி குடுத்திருக்க மாட்டேன் சார்."

"எப்பக் கிடைச்சது இது?"

"ஆறு மாசம் கழிச்சு, உமிக் குவியல்ல. உங்க ஆபீசுக்குக் கொண்டாந்தேன். ஃபைல் மூடியாச்சுன்னீங்க."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் அது என் வாக்கியம்தான்.

"துறைக்கு எழுதுறேன். லைசென்ஸை..."

"இனிமே அதை வச்சு நான் என்ன சார் செய்ய, பாய்லருக்கு மாலை போடவா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் மக இன்னும் நான் தூங்கிட்டேன்னுதான் நெனைக்கிறா. அவளுக்கு எழுதிக் குடுங்க."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பிளக்கைத் திறக்கவில்லை, கேஜை ஒப்பிடவில்லை, பாதுகாப்பு வால்வைத் தொடவில்லை, உங்கள் அப்பா தூங்கவில்லை. நான்கே வரி. அதைவிட நீளமான படிவங்களை ஒரு நிமிடத்தில் நிரப்பியிருக்கிறேன். இதற்கு அரைமணி ஆனது. பதவியோடு கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இருமுறை படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எஞ்சினுக்கு வேற காக் வேணுமில்ல?"

ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் எதிரிலேயே வாயில் வைத்து ஊதினேன். காற்று மறுபக்கம் மெல்லிய ஒலியோடு வெளியே வந்தது. அவர் தலையைச் சாய்த்து, கேட்கும் காதை அருகே கொண்டுவந்தார்.

"இன்னொரு தடவை ஊதுங்க" என்றார்.