மூக்கில் ஊதியவள்

எங்கள் தெருவில் பிறக்கும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றுவது நான்தான். யாரும் என்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். விடிவதற்குள் பாம்பன் கரையில் இருக்கும் கருவாட்டுக் களத்துக்குப் போய், நெத்தலியையும் சூடை மீனையும் உப்புத் தட்டிக் காயப்போட்டுவிட்டு, பத்து மணி வாக்கில் திரும்புவேன். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, கவிச்சி போய்விட்டது என்று தெரிந்த பிறகு யார் வீட்டு முற்றத்திலாவது காலை நீட்டி உட்காருவேன். பிள்ளையைக் கொண்டுவந்து என் காலில் கிடத்துவார்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. பெறாதவள் கையில் பிள்ளையைக் கொடுக்க யோசிக்கிற ஊர் இது. அந்த ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னைத் தேடி வந்தார்கள் என்றால் என் கை அப்படி. பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது, வாயும் கூடவே இருந்தது.

எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, தலையை உருட்டி, மூக்குத் தண்டை நீவிவிட்டு, கடைசியில் ஊத வேண்டும். பிள்ளையின் மூக்கில் வாயை வைத்து ஒரு துவாரத்தில் ஊதினால் உள்ளே தங்கிய தண்ணீரும் சளியும் அடுத்த துவாரம் வழியாக வந்துவிடும். அப்புறம் இரண்டு காதிலும் ஒரு ஊது. அதன் பிறகு பிள்ளை தூங்குகிற தூக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் தாய்மார்கள் என்னை விடவில்லை. எங்கள் பகுதி நர்ஸம்மா பார்க்கும்போதெல்லாம் ஊதாதீர்கள், எண்ணெயை மூக்கில் விடாதீர்கள் என்று சொல்வார். நான் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளில் ஒன்று இப்போது போலீஸில் இருக்கிறது என்று பதில் சொல்லி அவரை அனுப்பிவைப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

என் தம்பிக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. தம்பி விசைப்படகில் போகிறவன். அவன் பெண்டாட்டிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் என்றாலும் தம்பி வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். எல்லாமே நான்தான். பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, சாம்பிராணி, பிள்ளைக்குக் குளிப்பாட்டு எல்லாம். தம்பி பெண்டாட்டி ரொம்பச் சாது. நான் ஒன்று சொன்னால் மறு பேச்சு இருக்காது. அதை அவளுடைய நல்ல குணம் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிள்ளை பிறந்து பத்து நாளில் எனக்கு இருமல் வந்தது. முதலில் சாதாரணத் தடுமன் மாதிரி மூக்கு ஒழுகியது, பிறகு இருமல் மட்டும் தங்கிவிட்டது. கருவாட்டுக் களத்தில் இருமாதவள் யார்? காற்றுக்கு உப்புத் தூசியும் மீன் செதிலும் பறந்து தொண்டையில் ஏறும். எங்களில் பாதிப் பேர் வருஷம் முழுக்க இருமிக்கொண்டுதான் கருவாடு திருப்புவோம். கருவாட்டு இருமல் என்று அதற்கு ஒரு பேரே வைத்திருக்கிறோம். என் இருமல் அது மாதிரி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. வந்தால் விடாமல் வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும், சில சமயம் சாப்பிட்ட சோறு வெளியே வந்துவிடும். அது நின்றதும் ஒன்றுமே நடக்காதது போல இருப்பேன். காய்ச்சல் இல்லை. தூதுவளை ரசம் வைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் எங்களோடு வேலை செய்த ஒருத்திக்கு டி.பி. வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டாள். குணமான பிறகும் யாரும் தங்கள் பிள்ளையை அவள் தொட விடவில்லை. அவள் வந்தால் தொட்டிலை உள்ளே இழுப்பார்கள். எனக்கும் நாள்பட்ட இருமல் என்று ஒரு சொல் வெளியே போனால் என் கதியும் அதுதான். அதனால் தம்பி வீட்டில் இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய், சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை எடுப்பேன். பிறகு தினமும் மூக்கில் ஊதினேன்.

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகப்போகிற சமயத்தில் மூக்கடைப்பு வந்தது, பின்னாலேயே இருமலும் வந்தது. இருமல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கோழிக்குஞ்சு தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி. நாலைந்து தடவை வரும். முகம் சிவக்கும், பிறகு உதட்டோரம் ஒரு மாதிரி கருத்துப்போகும், அசையாமல் ஒரு கணம் கிடக்கும், அப்புறம் பாலைக் கக்கிவிட்டு அழும். அழுது முடித்தால் பழையபடி பால் குடிக்கும், தூங்கும். உடம்பில் சூடே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு இது கக்குவான் இருமலாக இருக்குமோ என்றாள். மண்டபம் பக்கம் கழுதை ஓட்டிக்கொண்டு ஒருவன் வருகிறான், ஒரு சங்கு கழுதைப்பால் ஊற்றினால் சரியாகும் என்றாள். நான் அவளைக் கிழித்து எடுத்துவிட்டேன். பச்சைப் பிள்ளைக்குக் கழுதைப்பாலா என்று கேட்டேன். கக்குவான் என்றால் இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கூவுகிற மாதிரி சத்தம் வரும், இந்தப் பிள்ளை இழுக்கவே இல்லையே, பிறகு எப்படிக் கக்குவான் என்று கேட்டேன். நான் பத்தாவது வரை படித்தவள்.

சின்னப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் வராது. இழுத்துக் கூவுவதற்கு அதன் நெஞ்சில் பலம் கிடையாது. இருமுவதற்குப் பதிலாக மூச்சு நின்றுபோகும், அதுதான் அடையாளம். நிறம் மாறினாலும், மூச்சு ஒரு கணம் நின்றாலும், அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கழுதைப்பாலைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் நோயின் பேரை அவள்தான் சரியாகச் சொன்னாள்.

பிள்ளையின் மூக்கில் சளி கரகரவென்று கேட்டதால் நான் இன்னும் பலமாக ஊதினேன். காலையில் ஒரு தடவை போதாமல் சாயங்காலம் துடைத்துவிடும்போதும் ஊதினேன்.

இருமல் வந்த நான்காவது நாள் தம்பி பெண்டாட்டி என்னைக் கேட்காமலே பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நானும் கூடவே போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. ஆனால் நிதானமானவர். பிள்ளையைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கேட்டார். இருமும்போது பிள்ளை நீலமாகிறதா என்றார். தம்பி பெண்டாட்டி, கருத்த மாதிரி இருக்கு என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே புகுந்து, அழுது அழுது சிவக்குது டாக்டரம்மா, இவளுக்குத் தலைப்பிள்ளை, பயப்படுறா என்றேன். அவள் குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

அப்புறம் அவர் கேட்டார். "வீட்டுல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? பெரியவங்களுக்கு?"

"இல்ல" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டையில் குறுகுறுத்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி அடக்கினேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு கொடுத்து, நிறம் மாறினாலோ பால் குடிக்கவில்லை என்றாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பொய் சொன்னது நான்.

அதற்கப்புறம் மூன்று நாள். மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை இருமாமலேயே நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் பாலத்தில் போகும்போது இரண்டு தடவை மூச்சு நின்றது. உள்ளே இருந்தவர் தட்டித் தட்டி எழுப்பினார். தம்பி கடலிலிருந்து கரையேறி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான், சட்டையெல்லாம் டீசல். கோயிலில் ஞானஸ்நானத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறித்து வைத்திருந்தோம். தீவிர சிகிச்சைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோகும் முன்னால் தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, நீ ஊத்து. என் கையெல்லாம் டீசலு" என்றான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பிள்ளையின் நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே என்று சொல்லிப் பேர் வைத்தது நான்தான். வேறு யாராவது ஊற்றியிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ நல்ல மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கே கக்குவான் என்று உறுதியாகச் சொன்னார்கள். முதல் ஊசி ஆறு வாரத்தில்தான் போடுவார்கள், அதுவரை பிள்ளைக்குச் சொந்தமாகத் தற்காப்பு கிடையாது, சுற்றி இருக்கிற பெரியவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே தாய்க்குப் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது என்றும் அங்கேதான் தெரிந்தது. சின்ன வயதில் ஊசி போட்டவர்களுக்கும் வருஷங்கள் போனால் அதன் பலம் குறைந்துவிடுமாம். பெரியவர்களுக்கு வந்தால் விடாத இருமலோடு போய்விடும், அவர்கள் அதைக் கக்குவான் என்று நினைக்கவே மாட்டார்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் கேட்கும், நாள் தள்ளினால் கேட்பது கஷ்டம். எங்கள் எல்லோருக்கும் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். இங்கேயும் வீட்டில் யார் இருமினது என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி, படகில் நாலு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள், நான்தான் கொண்டுவந்துவிட்டேன் போல என்று சொல்லி அழுதான். அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் ஆக இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளை போய்விட்டது.

தம்பி அதிலிருந்து குடிக்க ஆரம்பித்தான். குடித்தால் ஒரே பேச்சு, நான் கொன்னுட்டேன் நான் கொன்னுட்டேன் என்று. அதை நிறுத்த என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஒன்றரை வருஷம் சொல்லவில்லை. என் இருமல் மூன்று மாதத்தில் தானாக நின்றுவிட்டது. எனக்கு இடுப்பு வலி என்று சொல்லி, தெருவில் புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவதை விட்டுவிட்டேன். பாவம், பிள்ளை போன துக்கம் என்று எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன மாதம் தம்பி பெண்டாட்டி என் வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் ஏழு மாதம். அந்த ஊசியை இந்தத் தடவை இராமநாதபுரத்தில் விசாரித்துப் போட்டுக்கொண்டுவிட்டதாகச் சொன்னாள். தம்பி குடிப்பதைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், இந்தப் பிள்ளைக்கும் நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு யார் கையையும் எனக்கு நம்பிக்கையில்லை என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். இருமல் எனக்குத்தான் முதலில் இருந்தது என்றும், தெரிந்தே மறைத்தேன் என்றும், டாக்டரம்மாவிடம் இல்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அன்னைக்கு சொல்லியிருந்தா பொழச்சிருக்குமா மதினி?"

"தெரியல புள்ள. மூணு நாளு முந்தி மருந்து போயிருக்கும்."

"புள்ளைக்கு மூச்சு நிக்க ஆரம்பிச்ச பெறகும் ஊதுனீகளா?"

"ஆமா" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வாசலில் நின்று, "ஒங்க தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க. நான் பிரசவத்துக்கு எங்க சித்தி வீட்டுக்குப் போறேன். நீங்க அங்கன வராதீக" என்றாள்.

இன்றோடு நான்கு வாரம் ஆகிறது. தம்பி இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறான். குடித்துவிட்டு அவன் பேசுவது இங்கே கேட்கிறது. நான் இன்னும் போகவில்லை.