சிவப்பா, பச்சையா?

பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவருக்கே நிறம் தெரியாது என்றால் நம்புவீர்களா? கலர்க்காரர் என்று ஊரே கூப்பிடும் அந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கல்யாணமான கையோடு பெண்டாட்டியின் அண்ணன், "நம்ம கடையில கலர் மெஷினைப் பார்த்துக்கோங்க மாப்ளே" என்று கூப்பிட்டபோது, வேலையில்லாமல் இருந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாயை அப்புறம் எந்த முகத்தோடு திறப்பது?

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. நிற அட்டையில் உள்ள எண்கள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எண்ணைத் தட்டினால் மெஷின் கலந்து கொடுத்துவிடும். தலையணை உறையைக் கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்" என்று நிற்கிறவர்களிடம்தான் வேர்க்கும். உறைமேல் ஒவ்வோர் அட்டையாக வைத்துக்கொண்டே போவார், கண் மட்டும் வந்தவர் முகத்தில் இருக்கும். எந்த அட்டைக்கு முகம் மலர்கிறதோ அதுதான் நிறம்.

பறவை பார்க்கும் சங்கத்துக்கு அவரை இழுத்துப் போனதும் மச்சான்தான். மற்றவர்கள் இறகைப் பார்த்துப் பெயர் சொன்னால் இவர் நடத்தையைப் பார்த்துச் சொல்வார். தத்துகிறதா நடக்கிறதா, வாலை ஆட்டுகிறதா, தனியாகத் தின்கிறதா கும்பலாகவா என்று பார்த்தே பிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

வினை கத்தரிமூக்குக் குருவி உருவத்தில் வந்தது. மலைக்காட்டுப் பறவை. அலகின் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தாண்டிக் கோணிக்கொண்டு நிற்பதால் சங்கத்தார் வைத்த பெயர் அது. ஆண் செங்கல் சிவப்பு, பெண் பாசிப் பச்சை. அந்தக் குருவிக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா! சங்கத் தலைவி ஒரு பல் டாக்டரம்மா. எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, "ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு எண்ணுங்க" என்று காட்டுக்குள் அனுப்பினார். கலர்க்காரருக்கு ஜோடி மச்சான். முதலாளி பக்கத்திலேயே இருக்கும்போது குட்டு உடைந்தால் நாளைக்கே மெஷினை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு பைன் மரத்தடியில் மச்சான் தலைமேல் காய்ச் செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"அசையாதீங்க மச்சான், மேல பாருங்க."

ஏழெட்டுக் குருவிகள் கிளிபோலத் தலைகீழாகத் தொங்கின. ஒரு காலால் காயைப் பிடித்துக்கொண்டு, கோணல் அலகைச் செதிலுக்குள் விட்டு நெம்பி, விதையை நாக்கால் உருவின. கத்தரிமூக்கேதான். உச்சிக் கிளையில் நின்று ஒன்றாவது பாடியிருந்தால் அதை ஆண் என்று அடித்துச் சொல்லியிருப்பார். கூட்டில் அடைகாக்கும் பெண்ணுக்கு ஒன்று ஊட்டிவிட்டிருந்தாலும் சமாளித்திருப்பார். பாழாய்ப் போனவை எல்லாம் தின்பதிலேயே குறியாக இருந்தன.

"எண்ணுங்க மாப்ளே."

"நீங்க பெரியவங்க, நீங்களே எண்ணுங்க."

"கலருக்கு உங்களை மிஞ்ச ஆள் ஏது? நீங்க சொல்லுங்க."

இந்த மரியாதை முடிவதற்குள் டாக்டரம்மாவே வந்துவிட்டார். "இதோ, தாழ இருக்கே, இது என்ன?"

"சிவப்பு" என்றார் கலர்க்காரர், கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறவரைப்போல.

"சிவப்பேதான்" என்றார் மச்சான்.

"நல்லாப் பாருங்க, பச்சைப்பசேல்னு இருக்கு" என்று சிரித்துவிட்டு டாக்டரம்மா அடுத்த ஜோடியைப் பார்க்கப் போனார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மச்சான், எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே தெரியாது. சோத்துக்கு வழியில்லாம அன்னைக்குச் சொல்லலை. உங்க தங்கச்சிக்கும் தெரியாது, அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

மச்சான் முகம் பேயறைந்தது போலானது. கையிலிருந்த பைனாகுலர் நழுவிக் கழுத்துப் பட்டையில் ஆடியது.

"யோவ்! நீங்க சிவப்புன்னு சொன்னதாலதானேய்யா நானும் சிவப்புன்னேன்!"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கும் அதே கதைதான். அப்பா கடையை என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு. பெயின்ட் கடைக்காரன் இதை யார்கிட்ட சொல்லி அழுவான்? நீங்க வந்த அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். நீங்க கலந்ததும் டப்பா மூடியை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துச் சரின்னு சொல்வேன்ல, அப்போ நான் உங்க மூஞ்சியைத்தான்யா பார்ப்பேன்!"

இருவருக்கும் அடக்கமாட்டாத சிரிப்பு வந்தது. குருவிகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன, எது ஆண் எது பெண் என்று சொல்லாமலே. சிரித்துச் சிரித்துக் கலர்க்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி அழுகை. இத்தனை வருஷப் பயமும் அதோடு சேர்ந்து இறங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அப்ப நாளைக்கு நான் கடைக்கு வரலாமா, மச்சான்?"

மச்சானுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கலர்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துடுங்க மாப்ளே. தனியா என்னால முடியாது."