நேர்ந்துவிட்ட கிடாயின் கொழுப்பு

ஒரு ஆட்டுக்குள் இத்தனை கொழுப்பா என்று அன்றைக்கு எங்கள் வரிசை வீட்டு லயமே வாயில் கை வைத்து நின்றது. அந்த வெள்ளை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இலங்கை மலையில் டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்று நான் சொல்வதைத் தோட்டத்தை நடத்தும் துரை கேட்டிருந்தால் சிரித்திருப்பார், அது போகட்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கி, புண் சீழ் வைத்து, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று அங்கே பேச்சு. கேட்டுவிட்டு வந்த அம்மா வீட்டுக்குக்கூட வராமல், ஓடைக்கரை முனியாண்டி கல்லுக்கு முன்னால் போய் விழுந்தாள். காலோடு ஆளை அனுப்பினால் கிடாய் வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்பா இரண்டு காலோடும் வந்தார். கொஞ்சம் நொண்டல், அவ்வளவுதான். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம், அம்மா விடவில்லை. எங்கள் லயத்தில் கிடாய் வெட்டினால் வீட்டுக்கு ஒரு கூறு கறி போயாக வேண்டும். ஒரு வீட்டில் முகம் சுளித்தாலும் சாமிக்குக் குறை வைத்ததாக ஆகிவிடும், குறை வைத்தால் கொடுத்த காலைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் அவள் நம்பினாள். அவள் வாங்கி வந்ததோ எலும்பு துருத்திய ஒரு நோஞ்சான் குட்டி.

அதை மலையில் மேய விட முடியாது, தேயிலைக்குள் ஆடு போனால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஆடித் தீர்த்துவிடுவார். லயத்துக் கோடியில் கட்டிப்போட்டே வளர்த்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு பொழுது சாயும்வரை கொழுந்து பறிப்பு, வந்தால் அடுப்பு. புல் அறுக்க நேரமேது? கஞ்சி வைத்தாள், சோறு வைத்தாள், மறுபடி சோறு வைத்தாள்.

"ஏதும்மா சோறு?" என்று கேட்டால், "மிஞ்சினதுதான்டி" என்பாள். எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிய கதையை நானும் நம்பினேன் பாருங்கள்!

கிடாய் உருண்டு திரண்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் முதுகைத் தட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. "புருஷன் கவலை" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா. புருஷன்தான் வந்துவிட்டாரே, இன்னும் என்ன கவலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்குப் படையல் போட்டுக் கிடாயை வெட்டினார்கள். கீழ் லயத்து அண்ணன்தான் எப்போதும் வெட்டுகிறவர். தோலை உரித்து வயிற்றைக் கீறியவர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னங்கக்கா இது? ஆட்டுக்கு என்னத்தப் போட்டீங்க?"

"சோறுதான் தம்பி. வேற என்ன?"

"அட போங்கக்கா! ஏறி எறங்கி மேஞ்சாத்தான ஆட்டுக்குக் கறி புடிக்கும். கட்டிப்போட்டுச் சோத்தப் போட்டா எல்லாம் உள்ளுக்குள்ள கொழுப்பாத்தான் அடையும்."

குடல்மேல் வெள்ளையாக ஒரு போர்வை. இரண்டு குண்டிக்காய்களையும் காணவே காணோம். கொழுப்புக்குள் விரலை விட்டுத் தேடித்தான் எடுத்தார். அள்ள அள்ள வந்தது, ஒரு தாம்பாளம் நிறைந்துவிட்டது. வாழையிலையில் கூறு போட்டபோது ஒவ்வொன்றும் கைப்பிடிகூடத் தேறவில்லை.

"பாக்க யானக்குட்டி மாதிரி நின்னுச்சு. கறி எங்க போச்சு? ஒதுக்கி வச்சிட்டீங்களா?" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா.

"ஒங்க கண்ணு முன்னாலதான வெட்டுனாங்க? கண்ண வீட்டுலயே வச்சிட்டு வந்தீங்களாக்கா?" என்று நான் பாய்ந்தேன்.

அம்மா சண்டைக்கு வரவில்லை. "எங்க கூற எடுத்து எல்லாத்துலயும் போடுங்க தம்பி, எங்களுக்கு வேணாம்" என்று கெஞ்சினாள். அவள் பார்வை கறியில் இல்லை, அப்பாவின் காலில் இருந்தது.

அப்பா நொண்டிக்கொண்டே வந்து தாம்பாளத்திலிருந்து ஒரு கட்டியைக் கையில் எடுத்தார். கொழுப்பைப் பார்த்தார், அம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல இவ்வளவு சோறு ஏதுடி?"

அம்மா தாம்பாளத்தை இலையால் மூடப் போனாள்.

"எங்களுக்குப் போட்டுட்டு, நான் பெறகு தின்னுக்கிறேன்னு தட்டத் தூக்கிக்கிட்டு வெளிய போவியே, அந்தச் சோறா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிப்பாவி! இது ஆட்டுக் கொழுப்பு இல்லடி. ஒன் வயித்துச் சோறு!"

அப்பா குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு படையல் சோற்றை அள்ளி உருட்டி அம்மா வாய்க்கு நேரே நீட்டினார். எங்கள் பக்கம் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அம்மா கூசிப்போனாள்.

"ஐயோ, விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். தின்னு."

ஒரு வாய் விழுங்கினாள். அடுத்த உருண்டை உள்ளே போனதும் தண்ணீர் ஓடும் கானுக்கு ஓடிப்போய் அத்தனையையும் கக்கினாள். சோறு தங்காத வயிறாகப் போயிருந்தது அது. பக்கத்துக் காம்பரா அக்காதான் ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கையில் சோறோடு அப்படியே நின்றார்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மா நிமிர்ந்தாள்.

"எல்லா வீட்டுக்கும் கூறு போயிருச்சா?" என்று கேட்டாள்.